ஈ வராத கடை

திருவனந்தபுரம்
1934 நவம்பர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்தில் நீ கேட்டிருந்தது இன்னும் மனதில் நிற்கிறது. "உன் நோட்டீசுக் காகிதம் நன்றாக இருக்கிறது, எண்ணெய் குடிப்பதில்லை, இன்னும் ஒரு கட்டு அனுப்பு." வாந்திபேதி வராமல் தடுப்பது எப்படி என்று ஒரு மாதம் உட்கார்ந்து எழுதி, அடித்து, மறுபடி எழுதிய நோட்டீசு அது. எங்கள் நல்வாழ்வு சங்கத்தில் அதைவிட நல்ல நோட்டீசு அச்சானதில்லை என்று எனக்கொரு எண்ணம் உண்டு. அதில் நீ முந்திரிக்கொத்து பொதிந்து கொடுக்கிறாய். பொதிவதற்கு முன்னால் ஒரு தடவை வாசித்தாவது பார்த்தாயா?

இனி அந்தக் குறை எனக்கில்லை. சங்கத்துச் சினிமாப் படம் தயாராகிவிட்டது. மாசி மாதம் உன் பலகாரக் கடையில் வைத்து எடுத்தோமே, மதராசில் கழுவி அச்சிட்டு, வேண்டாததை வெட்டி, வேண்டியதை ஒட்டி, ஒரு கதையாக வந்திருக்கிறது. சங்கத்துச் செயலாளர் ததேயுஸ் சார் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்கு ஈ வராமல் நாம் பட்ட பாட்டைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். ஓலைப்பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்தும் ஒரு ஈ வரவில்லை. நீ கடையை அப்படித் துடைத்து வைத்திருந்தாய். கடைசியில் நானே கருப்பட்டிப் பாகு காய்ச்சி முந்திரிக்கொத்தின் மேல் பூச வேண்டியதாயிற்று. "ஏலே, எனக்க கடைக்கு ஈயை வெத்திலை பாக்கு வச்சு அழைச்ச மொத ஆளு நீதான்" என்றாய்.

ஒன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. படத்தில் அந்தப் பண்டத்தை வாங்கித் தின்று நோய் வந்து சாகும் குழந்தையாக நடித்தது உன் தோழி இசக்கியின் மகள் முத்துக்கனி. ஐப்பசியில் நிஜமாகவே வாந்திபேதியில் அவள் போய்விட்டாள் என்று நீ எழுதியதும், அந்தப் பகுதியை எடுத்துவிடலாமா என்று ததேயுஸ் சாரிடம் கேட்டேன். "அந்தக் குழந்தை இல்லாவிட்டால் படத்தில் என்ன இருக்கிறது?" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அதனால் இருக்கிறது.

இந்தச் சனிக்கிழமை இரணியல் சந்தைத் திடலில் காட்டுவார்கள். அன்று நான் கொல்லத்தில் இருக்க வேண்டும். பகவதியப்பன் வண்டியும் மெஷினும் கொண்டு வருவார். குழாயில் விளக்கம் சொல்வதும் அவரே. இசக்கியிடம் பக்குவமாகச் சொல்லி அன்று அவள் வராதபடி பார்த்துக்கொள்.

உன் தம்பி
வைகுண்டராஜன்


அய்யா துணை
இரணியல்
கொல்லம் ஆண்டு 1110 கார்த்திகை 20

தம்பி வைகுண்டராஜனுக்கு அக்கா தாணம்மாள் எழுதுவது.

இசக்கியிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். "படத்துல முத்துக்கனி வருவா, நீ தாங்கமாட்ட, வராண்டாம்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. செத்த பிள்ளை வருகிறாள் என்று கேட்ட பிறகு எந்தத் தாய் வீட்டில் இருப்பாள்? எல்லாருக்கும் முன்னால் போய் வெள்ளைத் துணிக்கு நேராக உட்கார்ந்துகொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் என் கடை வந்தது. திடலே கைகொட்டியது. "தாணக்கா, ராணி கணக்கா இருக்கியே" என்று யாரோ கத்தினார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். அப்புறம் முத்துக்கனி ஓடி வந்தாள். இசக்கி எழுந்து நின்றுவிட்டாள். "எனக்க மக்களே!" என்றாள். பின்னால் இருந்தவர்களுக்கு மறைத்தது. ஒருத்தரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

பிறகு ஈ மொய்த்த முந்திரிக்கொத்து மட்டும் துணி நிறைய வந்தது. அதை எடுத்துக் கொடுக்கிற கை என் கை. எண்ணெய் தெறித்த தழும்புகூடத் தெரிந்தது. பிள்ளை வாங்கித் தின்றாள். அடுத்தாற்போல் பாயில் கிடந்தாள். அடுத்தாற்போல் வெள்ளைத்துணி போர்த்திக் கிடந்தாள். பகவதியப்பன் குழாயை வாயில் வைத்து நீ எழுதிக் கொடுத்ததை வாசித்தார்: "மூடி வைக்காத பண்டம் இந்தப் பிஞ்சுயிரைக் கொன்றது!"

இசக்கி என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். உதறவில்லை. சும்மா எடுத்துக்கொண்டாள். உதறியிருந்தால் என் மனம் இவ்வளவு வெப்ராளப்பட்டு நொந்திருக்காது.

துணி போர்த்தும்போதெல்லாம் அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்து, நீ திரும்பத் திரும்ப எடுத்தாயே, அது அங்கே யாருக்குத் தெரியும்? அவள் செத்தது மழையில் ஊர் குடிக்கிற குளத்து வெள்ளம் கலங்கிய வாரத்தில். அந்த வாரம் முழுக்க நான் கடையே திறக்கவில்லை. இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்கள்தான் படம் முடிந்ததும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து கடைக்கு ஆள் இல்லை. உன் அத்தான் போய்ச் சேர்ந்த பிறகு இந்தக் கடைதானே எனக்குச் சோறு. ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதலாம், ஆனால் ஓட்டுவதற்கு ஈயும் வரவில்லை. கடை போனால் அஞ்சுகிராமம் பக்கம் போய்க் களை பறித்தாவது பிழைத்துக்கொள்வேன். இசக்கி எதிரே வந்தால் சந்து மாறிப் போகிறாள். நானும் அவளும் ஒரே பந்தலில் கல்யாணம் முடித்தவர்கள். அவள் மகளுக்கு முதல் சோறு ஊட்டியது நான். அவள் என்னைக் கொலைகாரி என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஊரில் எனக்குச் சோறு இறங்காது.

அந்தப் படத்தை எரித்துவிடு.

தாணம்மாள்


திருவனந்தபுரம்
1934 டிசம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உடனே பதில் எழுதினால் தப்பாக ஏதாவது எழுதிவிடுவேன் என்று வைத்திருந்தேன்.

எரிக்கச் சொல்கிறாய். படம் என்னுடையது அல்ல, சங்கத்துடையது. என்னுடையதாகவே இருந்தாலும் எரிப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். போன வாரம் குளச்சலில் காட்டினார்கள். என் நோட்டீசை மூன்று வருடமாக அங்கே கொடுத்திருக்கிறேன். மீன் ஏலம் போடுகிற இடத்தில் அது காற்றில் பறந்துகொண்டிருக்கும். படம் காட்டிய மறுநாள் பேதி ஊசி போடுகிற இடத்தில் வரிசை தெருமுனை வரைக்கும் நின்றதாம். மீன்கூடையைச் சாக்குப் போட்டு மூடிக்கொண்டு போகிறார்களாம். அக்கா, எழுத்து என்ன செய்யும் தெரியுமா? வாசிக்கிறவன் வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்கும். "இது எனக்குச் சொன்னதில்லை, அடுத்த வீட்டுக்காரனுக்கு" என்று அவன் சொல்லிவிட்டால் அப்படியே திரும்பிவிடும். படம் யாரிடமும் கேட்பதில்லை. உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது.

உன் துக்கம் புரியாமல் இல்லை. நோட்டீசில் "ஒரு கடைக்காரி" என்று எழுதினேன். வாசித்தவர்கள் அவரவருக்குப் பிடிக்காத ஒரு கடைக்காரியை நினைத்துக்கொண்டார்கள், யாருக்கும் நட்டமில்லை. படம் எடுக்கப் போனால் "ஒரு கடைக்காரி" எங்கேயும் கிடைக்கமாட்டாள். யாராவது ஒருத்தி பெயரும் முகமுமாக வந்து நிற்க வேண்டும். கேட்ட எல்லாரும் மாட்டேன் என்றார்கள். நீ எனக்காக வந்து நின்றாய். அதை நான் மறக்கவில்லை.

பிழை படத்தில் இல்லை, விளக்கம் போதாததில் இருக்கிறது. அதைச் சரிசெய்துவிடலாம். இத்துடன் புது நோட்டீசு அனுப்பியிருக்கிறேன். தாணம்மாள் கடை சுத்தமான கடை, படத்தில் கண்டது ஊர் நன்மைக்காக அவர் நடித்துக் கொடுத்தது, குழந்தை முத்துக்கனி நடித்தது மாசியில், இறந்தது ஐப்பசியில் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். வீடு வீடாகக் கொடுக்கச் சொல். தயவுசெய்து இதில் எதையும் பொதியாதே.

வைகுண்டராஜன்


அய்யா துணை
இரணியல்
மார்கழி 6

தம்பிக்கு,

பொதிவதற்குப் பண்டம் வாங்க ஆள் வரவேண்டாமா? அந்தப் பயம் உனக்கு வேண்டாம்.

வாசிக்கத் தெரிந்தவர்கள் உன் நோட்டீசை வாசித்தார்கள். அடியில் உன் பேரைப் பார்த்தார்கள். "அக்காளுக்குத் தம்பி எழுதாம வேற யாரு எழுதுவா?" என்றார்கள். எழுத்து என்று வந்தால் எழுதினவன் யார், அவனுக்கும் இவளுக்கும் என்ன முறை என்று கேட்கத் தோன்றுகிறது. படத்தை யார் எடுத்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதையும் என் தம்பிதான் எடுத்தான் என்று நானே சொன்னேன். "யாரு எடுத்தா என்ன, நாங்க கண்ணால கண்டோம்லா" என்கிறார்கள்.

இசக்கிக்கு எழுத்துத் தெரியாது. நானே போய் அவள் நடையில் நின்று வாசித்தேன். கதவைச் சாத்தவில்லை. முழுக்கக் கேட்டாள்.

"எக்கா, நீ வாசிச்சது காதுல விழுந்துது. நான் கண்டத என்ன செய்ய? எனக்க பிள்ள உனக்க கையில வாங்கித் தின்னா. தின்னுட்டுக் கெடந்தா. கெடந்தவ செத்தா."

"ஏட்டி, அது மாசியில எடுத்ததாக்கும். அதுக்குப் பொறவு எத்தன மாசம் அவ உனக்க முந்தானையப் பிடிச்சிக்கிட்டு நடந்தா! நடக்கலையா?"

"நடந்தா. ஆனா அதுல அப்பிடி இல்லையே."

அதில் அப்படி இல்லைதான். திரும்பி வரும்போது வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மாசி, ஐப்பசி என்பதெல்லாம் வாயால் சொல்வதில்தான் இருக்கிறது. உன் படத்துக்கு மாசம் கிடையாது. "என்று வைத்துக்கொள்வோம்" என்பது கிடையாது. "இல்லை" என்பதுகூடக் கிடையாது. நான் கொல்லவில்லை என்று நீ எப்படிப் படம் எடுத்துக் காட்டுவாய்? நான் சும்மா இருப்பதைத்தான் காட்ட முடியும். பார்க்கிறவர்கள், கொன்றுவிட்டுச் சும்மா இருக்கிறாள் பார் என்பார்கள்.

குளச்சலில் நாலு பேர் பிழைத்தால் எனக்கும் சந்தோஷம்தான். அந்த நாலு பேருக்காகத்தான் நீ என்னைக் கொடுத்தாய் என்றால், கொடுப்பதற்கு முன்னால் என்னிடம் கேட்டிருக்கலாம். நீ கேட்டது "எக்கா, ஒரு படத்துக்கு நிப்பியா?" என்பதுதான்.

இனி எனக்கு எழுதாதே.

தாணம்மாள்


திருவனந்தபுரம்
1935 ஜனவரி 28

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். அதற்குப் பிறகு இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. நீ பிரித்துப் பார்த்திருக்கமாட்டாய் என்று தெரியும். அவற்றில் என் பக்க நியாயம் மட்டுமே இருந்தது, பார்க்காததே நல்லது. இதை மட்டும் பிரித்துப் படி.

போன வாரம் தக்கலையில் படம் காட்டினார்கள். நானும் போயிருந்தேன். மெஷின் பக்கம் போகாமல் சனத்தோடு சனமாகத் தரையில் உட்கார்ந்தேன். இதுவரை அந்தப் படத்தை நான் சங்கத்து அறைக்குள்தான் பார்த்திருக்கிறேன். அங்கே இருந்த எல்லாருக்கும் அது எப்படி எடுத்தது என்று தெரியும். உன் கையை அவர்கள் பார்க்கும்போதே என் பாகு நினைவுக்கு வரும். தக்கலையில் என் பக்கத்தில் ஒரு அம்மாள் மடியில் பேரப்பிள்ளையை வைத்துக்கொண்டிருந்தாள். முத்துக்கனி உன்னிடம் கை நீட்டியதும் அந்த அம்மாள் "வேண்டாம் மக்கா, வாங்காத, வாங்காத" என்று துணியைப் பார்த்துக் கத்தினாள். முத்துக்கனி வாங்கினாள். "இந்தச் சவத்துக்குக் கை வெளங்குமா?" என்று உன்னைச் சொன்னாள். எனக்குச் சோறு ஊட்டிய கை அது. "அது என் அக்கா" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் படம் கெட்டுவிடும் என்று நினைத்தேன். அக்கா, அப்படி நினைத்தேன் என்பதை உன்னிடம் ஒளிக்க முடியவில்லை. அங்கேயே என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் சங்கத்துக்கு வந்து தகரப் பெட்டியில் வெட்டிப் போட்ட துண்டுகளைத் தேடினேன். வேண்டாததென்று நானே வெட்டியவை. ஒரு துண்டில் ஒரு கை வந்து உன் முந்திரிக்கொத்தின் மேல் பாகு பூசிவிட்டுப் போகிறது. என் கை, என் மோதிரம். அடுத்த துண்டில் நீ முந்தானையை வீசி ஈயை விரட்டுகிறாய், பூசியதை எடுத்துக் கோழிக்கு எறிகிறாய், பெட்டி மூடியைத் திறந்து வேறொன்றை எடுத்து முத்துக்கனியின் கையில் வைக்கிறாய். அவள் அதை வாயில் போட்டுக்கொண்டு நேரே எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள். நடந்ததில் நிஜம் முழுவதும் அந்தத் துண்டுகளில் இருக்கிறது. கதைக்கு வேண்டாம் என்று வெட்டியிருக்கிறேன்.

இவற்றை ஒட்டி இரணியல் சந்தையில் காட்டலாம் என்று நினைக்கிறேன். ததேயுஸ் சாரிடம் கேட்டேன். "ஈயைக் கொண்டு வந்தது நாம்தான் என்று நீங்களே காட்டினால், நாளைக்கு ஊசியை எவன் நம்புவான்?" என்றார். அவர் கெட்டவர் அல்ல. அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, என் வேலை போகலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் இந்த முறை உன்னைக் கேட்காமல் எதையும் காட்டமாட்டேன். நீ சரி என்றால் வருகிறேன். வேண்டாம் என்றால் துண்டுகளைப் பெட்டியிலேயே போட்டுவிடுகிறேன்.

வைகுண்டராஜன்


அய்யா துணை
இரணியல்
தை 25

தம்பிக்கு,

பிரித்துப் படித்தேன். முந்தின இரண்டும் அரிசிப் பானைக்கு அடியில் இருக்கின்றன. அவற்றைப் படிக்கப் போவதில்லை.

எனக்குச் சரிதான். ஆனால் இதில் என்னைக் கேட்டால் மட்டும் போதுமா? பிள்ளை அவளுடையது. அதனால் இசக்கி வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

"அதுல அவ சாவாளா?" என்று கேட்டாள்.

"இல்லட்டி."

"அப்போ கொண்டு வரச் சொல்லு."

வா.

அக்கா


திருவனந்தபுரம்
1935 மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இரணியல் சந்தையில் துண்டுகளைக் காட்டி முடித்து நல்லபடி வந்து சேர்ந்தேன். மெஷின் அறைச் சாவியை ததேயுஸ் சார் வாங்கிக்கொண்டார். வேலை போகவில்லை. இனி எனக்கு நோட்டீசு எழுதும் வேலை மட்டும்தான். திட்டவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்: "உங்கள் கை தெரிந்துவிட்டது. இனி எதைக் காட்டினாலும் பின்னால் ஒரு கை இருக்கிறதென்று தேடுவார்கள்."

அவர் சொன்னது நடந்தும் விட்டது. இரணியலுக்கு ஊசி போட வந்தவரிடம் "இதுலயும் கருப்பட்டிப் பாகுதானா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இந்த மாதக் கடைசியில் மறுபடி வருவாராம். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. உன் பேரை மீட்கப் போய் ஊரை ஊசியில்லாமல் விட்டுவிட்டேனோ என்று இருக்கிறது. ஐப்பசி திரும்பவும் வரும். இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, படத்திலும் தெரியவில்லை, எழுத்திலும் தெரியவில்லை.

அன்று நீ பார்க்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். கூட்டம் கலைந்து, எங்களுக்குக் காப்பி போட நீ வீட்டுக்குப் போயிருந்தாய். இசக்கி மெஷின் பக்கம் வந்தாள். திரும்ப ஓட்டச் சொன்னாள். ஓட்டினேன். மறுபடி ஓட்டச் சொன்னாள். பிறகு, "தம்பி, அவ சிரிக்க எடத்துல நிறுத்து" என்றாள்.

"நிறுத்தினா வெளக்குச் சூட்டுல எரிஞ்சுபோகும், இசக்கியக்கா. ஓடிக்கிட்டே இருந்தாத்தான் படம்."

அவள் கொஞ்ச நேரம் அந்தச் சுருளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தரியை எடுத்து அந்தச் சிரிப்பை மட்டும் வெட்டி அவள் கையில் கொடுத்தேன். தபால் தலை அளவில் வரிசையாக முத்துக்கனிகள். வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் மனதில் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. உன்னோடு பேசினாளா? அதை அடுப்புப் பக்கம் வைக்க வேண்டாம் என்று சொல், சட்டென்று தீப்பிடிக்கும்.

வைகுண்டராஜன்


அய்யா துணை
இரணியல்
பங்குனி 20

அன்புள்ள தம்பி ராஜனுக்கு,

நீ மெஷினுக்குப் பின்னால் இருந்தாய், அதனால் நீ கண்டது எல்லாருடைய முதுகும்தான். முகத்தை நான் கண்டேன். பாகு பூசுகிற கை வந்ததும் "அது ராசனுக்க மோதிரம்லா!" என்று ஒருத்தன் கூவினான், திடலே சிரித்தது. நான் கோழிக்கு எறிந்ததும் சிரிப்பு நின்றது. அவ்வளவுதான். யாரும் வந்து தப்பாக நினைத்துவிட்டோம் என்று சொல்லவில்லை. ஊர் அப்படிச் சொல்லுமா? மறுநாள் இரண்டு பேர் வந்து எப்போதும்போல் முறுக்கு வாங்கினார்கள், விலை கூடுதல் என்று சண்டையும் பிடித்தார்கள். சண்டை பிடித்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது. இன்னும் சில வீடுகளிலிருந்து வருவதில்லை. அவர்களுக்கு முதலில் கண்டதுதான் கண்ணில் நிற்கிறது. அதன்மேல் நீ எத்தனை துண்டு ஒட்டினாலும் அது அடியில் இருந்துகொண்டேதான் இருக்கும்.

ஊசியைப் பற்றி நீ தூங்காமல் கிடக்க வேண்டாம். போன திங்கட்கிழமை ஊசிக்காரர் வந்தார். சந்தையில் எல்லாரும் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் போய்ப் போட்டுக்கொண்டேன். அன்று ஒருத்தரும் வரவில்லை. கை வீங்கிக் காய்ச்சலும் வந்தது. மறுநாள் அந்தக் கையோடு கடை திறந்தேன். "எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்கள். "நல்லா நோவும். ஒரு ராத்திரி காய்ச்சல் அடிக்கும். கருப்பட்டிப் பாகா இருந்தா எனக்கு ஏன் காயுது?" என்றேன். நோவாது என்று சொல்லியிருந்தால் ஒருத்தரும் நம்பியிருக்கமாட்டார்கள். ஊசிக்காரர் தக்கலையிலிருந்து திரும்பும்போது நிற்கச் சொன்னேன். பாதிச் சந்தை போட்டுக்கொண்டது. உன் சாரிடம் சொல்.

இனி இசக்கி. அவள் என்னோடு பேசினாளா என்று கேட்டிருந்தாய். உன் கடிதம் வந்தபோது பேசவில்லை. எதிரே வந்தால் சந்து மாறுவதை நிறுத்தியிருந்தாள், அவ்வளவுதான். நானும் வலியப் போகவில்லை. இசக்கி கண்டதற்கும் நான் சொல்வதற்கும் நடுவில் போய் நின்று நின்று எனக்குக் கால் ஓய்ந்துவிட்டது.

நேற்று மத்தியானம் கடைக்கு வந்தாள். சின்ன ஓலைக்கொட்டானில் நீ கொடுத்த துண்டு இருந்தது. "அடுப்ப அணை" என்றாள். உன் எச்சரிக்கையை நான் கடிதம் வந்த அன்றே முறம் விற்கிறவள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தேன், அது அவளுக்கு நினைவிருக்கிறது. அணைத்தேன். துண்டை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"பாரு எக்கா. இதுல வாய் மூடியிருக்கு. இதுல தொறக்கா. இதுல பல்லு விழுந்த ஓட்ட தெரியுது. இதுல கண்ணு சுருங்குது."

ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனாள். எனக்கு எல்லாம் ஒன்றுபோல்தான் இருந்தது. அவளுக்கு அப்படி இல்லை. கடைசி வரைக்கும் காட்டிவிட்டு, "ஒரு காயிதத்துல எழுதிக் குடு. இதுகூட வச்சுக் கெட்டணும்" என்றாள்.

"என்னட்டி எழுத?"

"இதுல அவ இருக்கா. யாருன்னு இதுல இல்லையே. எனக்குப் பொறவு இத எவ எடுத்துப் பாத்தாலும் ஏதோ ஒரு பிள்ளைன்னுதானே நெனப்பா? பேரு வேணும்லா."

காகிதமும் பென்சிலும் எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். "முத்துக்கனி. இசக்கிக்க மக." எழுதியாயிற்றா என்று கேட்டாள். ஆயிற்று என்றேன். "இன்னும் எழுது" என்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாணம்மைக்க கடையில பண்டம் வாங்கித் தின்னுட்டு நிண்ணு சிரிக்கா."

ராஜா, பென்சிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். "எழுதல?" என்று கேட்டாள். எழுதினேன். எழுத்து கோணிப் போயிற்று, அவளுக்கு அது தெரியாது. வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். திரும்பவும் வாசிக்கச் சொன்னாள். இரண்டாம் தடவை வாசிக்கும்போது அவளும் என்னோடு சேர்ந்து சொன்னாள்.

அக்கா